அத்திம்பேர் காலில் நான் விழுந்து நமஸ்கரிக்கவில்லை

நோயாளியை நாலு பேர் விசாரிப்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம். குணமாகிக்கொண்டிருப்பவளுக்குத்தான் நாற்பது பேர் வைத்தியம் சொல்ல வருவார்கள். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எனக்குப் பெருங்குடலில் அழற்சி. ரத்தப்போக்கு நிற்க டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். காலையில், சாப்பிட்ட பிறகு. வாராவாரம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நாமாக நிறுத்தவே கூடாது. வயிறு அடங்கியது. முகம் உப்பியது.

பெரியப்பா பெண் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போன இடத்தில், செம்பூர்ச் சித்தி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என்னடீ, மூஞ்சி பன் மாதிரி ஆயிடுத்து? ஸ்டீராய்டா? அது ஜிம் பசங்க திங்கறதுன்னா! வயிறுதான் சரியாயிடுத்தே, விட்டுத்தள்ளு. போட்டோல எப்படி விழுவே?"

மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். ஓடிக்கொண்டிருப்பதை நடுவில் பிடுங்காதே என்று ஆபீஸில் ஜூனியர்களைத் திட்டுபவள். (மறுநாளே மாத்திரையைப் பிடுங்கினேன்.)

கல்யாணத்தன்று மாட்டுங்கா மண்டபத்தில் காலையிலிருந்தே குமட்டல், கால் துவண்டது. "காப்பி போதலை," என்றாள் சித்தி. ஊஞ்சலில் கல்யாணப் பெண்ணான அக்காவும், மாப்பிள்ளை அத்திம்பேரும். திருஷ்டி கழிய அவர்களுக்குக் கலர் சாத உருண்டைகளைச் சுற்றிப்போட என் முறை வந்தது. குனிந்தேன். ஊஞ்சல் இரண்டானது. அடுத்து நான் பார்த்தது அத்திம்பேரின் பாதங்களை, மிக அருகில்.

யாராவது தண்ணீர் தெளித்தார்களா? "பம்பாய்ல வளர்ந்தும் என்ன பணிவு பாருங்கோ!" என்றாளாம் ஒரு மாமி. முதுகில் அட்சதை விழுந்தது. "சீக்கிரமே விவாகப் பிராப்திரஸ்து!" என்று ஆசீர்வாதம் வேறு. (அதுவும் பலிக்கவில்லை.)

அத்திம்பேர்தான் ஊஞ்சலைக் காலூன்றி நிறுத்தினார். "அரே பாபா, இவ எழுந்துக்கவே இல்லை!"

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சலைன் ஏற்றி என்னைத் தேற்றினார்கள். டாக்டர் கத்தினார்: "மாத்திரை வெளியிலேர்ந்து வந்ததால உங்க உடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டைக் குறைச்சிடுத்து. அது மறுபடி சுரக்க ஆரம்பிக்கத்தான் மெதுவா இறக்கறோம். சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. யார் நிறுத்தச் சொன்னா?"

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி டாக்டரைப் பார்த்தாள்.

"இந்தக் காலத்துப் பொண்கள் யார் பேச்சைக் கேக்கறா, டாக்டர்?"

பிறகு டாக்டர் சொன்னபடி குறைத்து, ஸ்டீராய்டை முறையாக நிறுத்தினேன். முகம் பழையபடி ஆனது. வேறு மாத்திரைகள் தொடர்கின்றன. ஆனால் இன்றும் நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தால் அத்திம்பேர் இரண்டு காலையும் சோபா மேல் தூக்கிக்கொள்கிறார்.

"என்னம்மா, மாத்திரை போட்டாச்சா? காலைக் கீழே வைக்கலாமா?"