மாதிரி ஆண் கொடி

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடி. அதில் பெண் கொடிதான் காய்க்கும். ஆண் கொடி ஒன்று பக்கத்தில் நின்று மகரந்தம் தூவிவிட்டால் காய்க்குள் விதை பிடித்து, பீர் கெட்டுப்போகும். ஆகவே பவேரியாவில் எங்கள் வட்டாரத்தில் ஆண் கொடிக்கு உயிர்வாழும் உரிமை கிடையாது. இதைக் கண்காணிக்க ஓர் அலுவலகம் உண்டு, அதில் ஹின்டர்மையர் என்றோர் அதிகாரியும் உண்டு. இருபத்திரண்டு வருடமாக ஆண் கொடி ஒழிப்பு அலுவலராக இருக்கும் அவர், ஓர் ஆண் கொடியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காகவே மூன்று முறை பாராட்டுப் பத்திரம் வாங்கியவர்.

இரண்டு வருடமாக எங்கள் ஊருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. கொல்லையில் சொந்தக் கொடி, அடுக்களையில் சொந்த பீர். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஹாப்ஸ் தோட்டம்தான் என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. பல் டாக்டர் கூடக் கொல்லையில் கம்பம் நட்டுவிட்டு, பல்லைப் பிடுங்கும்போதே கொடி வளர்ந்த கதையைச் சொல்கிறார். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்?

ஓய்வுபெற்ற தபால்காரர் அலோயிஸ் மட்டும் சும்மா இருப்பாரா? ஆற்றோர வேலியில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு கொடியைப் பெயர்த்து வந்து கொல்லையில் நட்டார். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து மதுக்கடையில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மேசையில் எழுந்து நின்றார்.

"அக்டோபர்ல என் பொண்ணு அஃப்ராவுக்குக் கல்யாணம். விருந்துல என் கொல்லைக் கொடியில செஞ்ச பீர்தான் ஊத்துவேன். இல்லேன்னா இந்த மீசைய எடுத்துடறேன்!"

முப்பத்தோரு வருட மீசை அது. மாவட்ட மீசைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியது. நான்காவதாக வந்தவன் நான்.

"நீ ஊத்திட்டா, இங்க இருக்கற நாங்க ஆறு பேரும் மீசைய எடுக்கறோம்," என்றேன். மற்ற ஐவரும் என்னைப் போலவே ஹாப்ஸ் விவசாயிகள். குடித்திருந்ததால் தலையாட்டினார்கள்.

"யோவ் கொர்பீனியன், உன்னோடதுக்குப் பேரு மீசையா? சூப்பு குடிச்சா காணாமப் போவுது!" என்றார் அலோயிஸ்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றே அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. யார் எழுதியது என்று கேட்காதீர்கள். இருபது ஹெக்டேரில் ஹாப்ஸ் போட்டிருப்பவன் வட்டார நலனைப் பற்றிக் கவலைப்படக் கூடாதா?

மே மாதம் ஹின்டர்மையர் வந்து கொடியை மூன்று முறை சுற்றினார். பக்கத்து வீட்டுக்காரனான நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது ஆணா பொண்ணான்னு சந்தேகமா இருக்கு."

"ஜூலையில பூத்தா தெரிஞ்சிடும் சார்," என்றார் அலோயிஸ்.

"பூத்தப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? மகரந்தம் பறந்துடுமே! விதிப்படி, அலுவலகத்துல இருக்கற மாதிரி ஆண் கொடியோட ஒப்பிட்டுப் பாக்கணும்."

"பாருங்க சார்."

"மாதிரி ஏது? அதான் எல்லாத்தையும் ஒழிச்சாச்சே!"

அலோயிஸின் மனைவி வல்புர்கா சன்னலில் தலையை நீட்டினாள். "ஒழிக்க ஒண்ணுமே இல்லேன்னா இத்தனை வருஷமா என்ன சார் பண்ணீங்க?"

"ஒழிச்சிட்டிருந்தேம்மா."

ஜூனில் ஆணை வந்தது. மாதிரி இல்லாத குறையை நீக்கும் பொருட்டு, சந்தேகத்துக்குரிய கொடியே மாதிரி ஆண் கொடியாக ஏற்கப்படுகிறது என்று அதில் இருந்தது. கூடவே ஹின்டர்மையரும் வந்தார். அந்தக் கொடியையே எடுத்த படத்தை அதன் பக்கத்தில் பிடித்து, இலை இலையாகப் பார்த்தார்.

"நூத்துக்கு நூறு பொருந்துது. ஆண்தான்."

அலோயிஸின் கை தானாக மீசைக்குப் போனது. "அப்ப வெட்டிடுவீங்களா சார்?"

"வெட்டறதா! அரசாங்கத்துக்குன்னு இருக்கற ஒரே மாதிரி சார் இது. ஒரு இலைய கிள்ளினாலும் அபராதம்."

கொடியைச் சுற்றிக் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். பாவம், மனுஷர் அழுதேவிட்டார். நான் சந்தோஷமாக வீட்டுக்குள் போய் மீசைக்கு மெழுகு தடவினேன்.

ஆகஸ்டில் அந்தக் கொடி, கம்பமே தெரியாமல் காய்த்துத் தள்ளியது.

"காய்ச்சிருக்கு சார்! பொண்ணு சார்!" என்று அலோயிஸ் போய் அழைத்து வந்தார்.

ஹின்டர்மையர் ஒரு காயை நசுக்கி மோந்து பார்த்தார். "பதிவேட்டுல ஆண். காய்க்கறது அதோட சொந்த நடத்தை. அதுக்கு அலுவலகம் பொறுப்பில்ல."

ஆனாலும் மாதிரி ஆண் கொடி காய்த்துத் தொங்குவது அலுவலகத்தின் கௌரவத்துக்கு இழுக்கல்லவா? மறுநாளே அடுத்த ஆணை வந்தது. மாதிரியின் ஆண்மைக்குக் களங்கம் விளைவிக்கும் காய்கள் அனைத்தையும் வீட்டுக்காரர் தம் சொந்தப் பொறுப்பில் உடனடியாக அகற்ற வேண்டும்.

அலோயிஸைப் போலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகனை நான் கண்டதில்லை. நான்கு கூடை அகற்றினார்.

கல்யாண விருந்தில் அந்த பீரைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். விருந்து நடுவிலேயே ஆறு நாற்காலி போட்டு, மணப்பெண் கையாலேயே எங்கள் ஆறு பேருக்கும் சவரம் நடந்தது. கடைசிவரை வாத்தியம் நிற்கவில்லை.

திங்கட்கிழமை தபால் வந்தது. ஒருவழியாக மாதிரி கிடைத்துவிட்டதால், அலுவலகம் கோடை முழுவதும் வட்டாரத்தின் எல்லாத் தோட்டங்களையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. எல்லாமே நூற்றுக்கு நூறு பொருந்துகின்றன. ஆகவே எல்லாம் ஆண். பல் டாக்டரின் கம்பம் உட்பட அனைத்தையும் வேரோடு அகற்ற வேண்டும். ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள், அடையாள அட்டையோடு நேரில் வரலாம்.

ஆறு பேரும் விழுந்தடித்து ஓடினோம். வரிசையில் நான்தான் முதல் ஆள். ஹின்டர்மையர் என் அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். படத்தை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

"படத்துல மீசை இருக்கு."

"எடுத்துட்டேன் சார்! நான்தான் கொர்பீனியன்! உங்களுக்கு என்னைத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆனா மாதிரியோட பொருந்தலியே. அடுத்தவர் வாங்க."

எனக்குப் பின்னால் மழமழவென்று ஐந்து முகங்கள் நின்றன.

இன்று இருபத்தாறாம் நாள். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது ஏதோ முளைத்திருந்த மாதிரிதான் இருந்தது. மத்தியானம் சூப்பு குடித்தேன், காணவில்லை.