சன்னம் அண்ணையும் எழும்பி ஓடிய மானும்

தன் பிழையைத் தன் பிழை என்று ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாமல் அறுபது வயதைத் தாண்டிய மனிதர் ரொறன்ரோவில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சன்னம் அண்ணை. அவருடைய கார் வேலியில் இடித்தால் அது வேலியின் பிழை. பனியில் வழுக்கி விழுந்தால் மாநகரசபையின் பிழை. தேநீருக்குள் உப்பைக் கொட்டிவிட்டு, உப்பு ஏன் சீனியைப்போல இருக்கவேண்டும் என்று அவர் வாதாடியதை நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டு. அவரும் நானும் ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை, வெக்ஸ்போர்ட்டில் ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பு. மதியச் சாப்பாட்டு அறையில் எல்லாரும் மோர்ட்கேஜைப் பற்றிக் கதைத்தால் அவர் மட்டும் மானைப் பற்றிக் கதைப்பார். வேலையிடத்துப் பெடியள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அவர் அதைப் பட்டப்பெயர் என்று நினைக்கவில்லை, பட்டமளிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

முறைப்படி லைசென்ஸ் எடுத்து, துவக்கு வாங்கி, ஒவ்வொரு நவம்பரும் வடக்கே இரண்டு மணி நேரம் கார் ஓடிக் காட்டுக்குப் போவார். வாயாலேயே மானை வெட்டி விழுத்துவார். கையால் விழுத்தியது ஒரு பைன் மரக் கிளையை மட்டும்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணைக்குக் கூடம் மட்டுமல்ல, காடே கோணல். ஒரு வருடம் சப்பாத்து கிறீச்சிட்டது. மறு வருடம் சூரியன் கண்ணுக்குள் அடித்தது. அதற்கடுத்த வருடம் ஓவர்டைம் கொடுத்த போர்மன் கையை நடுங்க வைத்துவிட்டான். பிறகு பழி போடப் பொருள் தீர்ந்துபோனதாலோ என்னவோ, என்னையே கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். நான் ஏன் போனேன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

அண்ணையின் வேட்டைக் கலை முழுவதும் மணத்தில் அடங்கியது. மானுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை என்று எங்கோ கேட்டுவிட்டார். எங்கள் கட்டடத்தில் குளிர் ஜாக்கெட் தொங்கும் அலுமாரி குசினிக்கு ஒட்டினாற்போல் இருக்கும். நாங்கள் சப்வேயில் ஏறினால் நேற்று என்ன மீன் பொரித்தோம் என்று பெட்டி முழுவதற்கும் தெரியும். அதனால் அண்ணை ஒரு சட்டம் போட்டார். ஒக்டோபர் பிறந்தால் அவர் வீட்டில் பொரியல் இல்லை, தாளிதம் இல்லை. அவருடைய செம்மஞ்சள் ஜாக்கெட் பல்கனியில் வெருளிபோல மாதம் முழுக்கத் தொங்கும். பிறகு அதைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு முடிந்து வைப்பார். காட்டுக்குள் போய்த்தான் அவிழ்ப்பார்.

பாவம், அவர் மனைவி. அந்த அக்கா மீனையும் எண்ணெய்ச் சட்டியையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து பொரிப்பார். என் ஜாக்கெட்டில் விளைமீன் மணக்கும். அதைச் சாட்டாக வைத்து அண்ணை என்னைக் காரின் பின்சீட்டில் ஏற்றுவார்.

கடைசியில் அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. போன வருடம் அவர் எனக்கு முன்னால் வைத்தே சொன்னார்.

"இஞ்சருங்கோ, இதுதான் கடைசி. இந்தமுறையும் வெறுங்கையோட வந்தியளெண்டால் உந்தத் துவக்கை வித்துப்போட்டுத்தான் மறுவேலை."

அக்கா சொன்னால் செய்வார். முன்பு மீன்தொட்டியையும் அப்படித்தான் விற்றார். அந்தத் துவக்கு போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் நாங்கள் செய்கிற பிளாஸ்டிக் வாளி மூடிகள்தான் மிஞ்சும்.

லீவு கிடைத்தது ஒரு வெள்ளியும் சனியும். "வெள்ளிக்கிழமையிலயோ உயிரெடுக்கப் போறியள்?" என்று அக்கா கேட்டார். மானுக்கு வெள்ளி செவ்வாய் தெரியாது என்று சொல்லிவிட்டு அண்ணை புறப்பட்டார்.

காட்டுக்குள் நுழைந்ததும் வழக்கமான விரிவுரை தொடங்கியது. சத்தமே போடக்கூடாது என்பதை அவர் மிகவும் சத்தமாக விளக்கிக்கொண்டு நடந்தார். "காட்டில நடக்கேக்க மனிசன் நிழலைப்போல நடக்கவேணும்" என்று கையை வீசி அவர் சொன்னபோது, எங்களுக்கு முன்னால் இருந்த பற்றைக்குள் இருந்து ஒரு மான் எழும்பியது. நல்ல கொம்பன். எங்களை ஒரு பார்வை பார்த்தது. வாலை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு ஓடியது. துவக்கு அண்ணையின் தோளிலேயே கிடந்தது.

"பாத்தீரே? நீர் மூச்சு விட்ட சத்தம்" என்றார்.

மூச்சு விட்டது என் குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டு, துரத்திப் போவோமா என்று கேட்டேன். அண்ணை அசையவில்லை. குந்தி இருந்து மான் படுத்த இடத்தைத் தடவினார். சருகு அமுங்கி, இன்னும் சூடாக இருந்தது.

"துரத்தக்கூடாது. உது எங்களை மணந்து ஓடேல்லை, சத்தத்துக்கு ஓடினது. மணத்துக்கு ஓடினது இந்தப் பக்கம் திரும்பியும் பாராது. சத்தத்துக்கு ஓடினது படுக்கையைத் தேடி வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், அண்ணை?"

"சண்டை நேரம் ஊரில செல்லடிக்க நாங்கள் ஓடேல்லையே? அடுத்த நாள் விடிய வந்து வீட்டை எட்டிப் பாக்கேல்லையே?"

நானும் அப்படி ஓடி, அப்படித் திரும்பி வந்து எட்டிப் பார்த்தவன்தான். அவர் வாயில் இருந்து ஒரு நியாயம் வந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜாக்கெட்டைப் பையில் போட்டு முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். சனி விடிய அதே இடத்துக்குத் திரும்பிப் போனோம். காற்று மான் வரும் பக்கத்தில் இருந்து எங்கள் முகத்துக்கு வீசியது. அண்ணை திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் குப்பைப் பையை அவிழ்த்தார்.

உள்ளே இருந்து எழுந்தது சாம்பிராணி வாசம்.

லேசான வாசம் இல்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முழுவதும் அந்த ஜாக்கெட்டுக்குள் நடந்ததுபோல ஒரு வாசம். அண்ணை பைக்குள் கையை விட்டார். கடதாசியில் மடித்த திருநீறு வந்தது. துவக்கை விற்கிறேன் என்று நின்ற மனுசி, இரவு ஜாக்கெட்டை எடுத்துச் சாமிப்படத்துக்கு முன் வைத்துப் புகை காட்டி, திரும்பவும் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறார்.

நான் இடி விழப்போகிறது என்று காத்து நின்றேன். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு உண்மையான குற்றவாளி ஒருவர் கிடைத்திருக்கிறார். அண்ணையோ திருநீற்றில் கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசினார். செம்மஞ்சள் இல்லாமல் துவக்கோடு நிற்கச் சட்டம் விடாது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, விழுந்த மரம் ஒன்றின் பின்னால் கோயிலுக்குப் போய் வந்தவர்போல மணந்துகொண்டு குந்தினார்.

மான் வந்தது. சத்தியமாக வந்தது. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, நின்று, கேட்டு, தன் படுக்கைக்குக் கிட்ட வந்தது. இடையில் மரங்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால் போதும். அண்ணை துவக்கை உயர்த்தினார். நான் மூச்சே விடவில்லை.

அந்த நேரம் பார்த்து என் பிடரியில் குளிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது. மான் மூக்கைத் தூக்கியது. தும்முவதுபோல ஒரு சீறல், பிறகு வெறும் பற்றைதான் இருந்தது. இனி அது வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

திரும்பி வந்தோம். வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நினைத்து நானும் கூடவே ஏறிப் போனேன். அக்கா கதவிலேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு ஆவல்.

"என்ன, வந்ததோ? நான் நல்லாச் சாம்பிராணி காட்டி, பிள்ளையாருக்குத் தேங்காயும் நேந்துதான் விட்டனான்."

அண்ணை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"வந்தது. கிட்டத்தான் வந்து நிண்டது. நான் இருமிப்போட்டன்."

"ஆர், நீங்களோ?"

"ஓம். என்ர பிழைதான்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பதறிப்போய் அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அந்த வாயால் அப்படி ஒரு சொல் வந்தால் காய்ச்சலாகத்தான் இருக்கவேண்டும் என்று அவரும் நினைத்திருப்பார்.

"சளியோட போனால் மான் நிக்குமே? அடுத்த வருசம் உடம்பைப் பாத்து ஒழுங்காப் போங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா குசினிக்குள் போனார். மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவியும் மணம் வந்தது. கசாயக் குடிநீர் என்றாலே குமட்டுகிற மனிதர், இல்லாத இருமலுக்கு ஒரு கிழமை அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

தொழிற்சாலையில் கதை வேறு. மான் தப்பியது என் மூச்சினால்தான் என்று சாப்பாட்டு அறை முழுவதற்கும் சொல்லிவிட்டார். வழக்கமாக மறுத்துச் சண்டை பிடிப்பேன். இந்தமுறை ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

துவக்கு இன்னும் பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நவம்பருக்கு இன்னும் நாள் கிடக்கிறது. என் ஜாக்கெட்டை நேற்றே பல்கனியில் தொங்கவிட்டுவிட்டேன்.