தோஹாவுக்கு வீசிய பரோட்டா

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாரிச்செல்வம் மச்சானுக்கு, தங்கதுரை எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் தங்கை பாண்டிச்செல்வியும், உங்கள் மருமகள் ஸாதனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கோவில்பட்டியில் அக்காவும் பிள்ளைகளும் நீங்கள் புதிதாக வாங்கிய எருமையும் அப்படியே இருக்க வேண்டும்.

நிற்க. நீங்கள் பிடித்துக் கொடுத்த தோஹா ஹோட்டல் பரோட்டா மாஸ்டர் வேலைக்கு இன்று பதினொரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ என்று வந்ததல்லவா, அது முடிந்துவிட்டது. நானும் முடிந்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

ஒரு வாரமாக வீடு வீடாகவே இல்லை மச்சான். ஸாதனாதான் எனக்கு வாத்தியார். "அப்பா, உங்க பலம் என்னன்னு கேப்பாங்க" என்றாள். "ரெண்டு கையும்" என்றேன். "பலவீனம்?" என்றாள். அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினேன். உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது, அத்தோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டோம். பாண்டிச்செல்விக்கு நான் போவதே பிடிக்கவில்லை. "ஏரோப்ளேன் ஏறிப் போயி மாவு பெசையணுமாக்கும், இங்க மாவு இல்லியா?" என்று காலையும் மாலையும் கேட்கிறாள். ஸாதனா நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், மழை வந்தால் கூரைக்குக் கீழே இருக்கிற பாத்திரமெல்லாம் நிறைகிறது, இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் மூக்கை உறிஞ்சுகிறாள். நான் வேலை செய்யும் கடை முதலாளி யூசுப் இக்காவும் அப்படித்தான். "தொரே, நீ போனா நான் அந்தப் பரோட்டாக் கல்லை வித்துட்டு மீன் பிடிக்கப் போவும்" என்று கல்லாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறார்.

பக்கத்து வீட்டு விபின், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் இருக்கிற பையன், தங்கமான பையன், லேப்டாப் கொடுத்தான். காலையிலேயே கொண்டுவந்து வைத்து, "சேட்டா, நீல பட்டன் வரும், அதை ஞெக்கினா மதி", அதாவது அமுக்கினால் போதும், என்று சொல்லிவிட்டு பிராட்வே கடைத்தெருவுக்கு ஓடினான். எனக்குப் பின்னால் கொடியில் துணி தொங்குவது தெரியக்கூடாது என்று ஸாதனா ஏதோ அமுக்கினாள், திரையில் பார்த்தால் நான் கண்ணாடி ஜன்னல் வைத்த பெரிய ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். மாவு வீசிக் காட்டச் சொல்வார்கள் என்று நீங்கள் சொன்னதால் பெஞ்சில் உருண்டை பிடித்து எண்ணெய் தடவி வைத்திருந்தேன். எதிர் வீட்டு சரோஜம்மாவிடம் மிக்ஸி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மிக்ஸி போடவில்லை. அதற்குப் பதிலாகத் தெருவில் பாதியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பதினொரு மணிக்கு நீலப் பட்டன் வந்தது, அமுக்கினேன். பத்துப் பன்னிரண்டு பேர் கட்டம் கட்டமாக இருந்தார்கள். இத்தனை பேர் ஒரு பரோட்டா மாஸ்டர் வேலைக்கா என்று மலைத்துப் போனேன். டை கட்டின ஒருவர், அவர்தான் பெரியவர் போலிருக்கிறது, கையிலிருந்த பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டினார். ஒரு பெண்பிள்ளை அழுதேவிட்டது. அரபு நாட்டில் கண்டிப்பு அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் வேலைக்கு எடுப்பதற்கு முன்பேவா! பிறகு "விபின், டார்கெட்?" என்றார். என் கட்டத்தைச் சுற்றித்தான் மஞ்சள் கோடு மின்னியது. பெரிய மனுஷர் பேரைத் தவறாகச் சொல்கிறார், நாம் திருத்துவது மரியாதையில்லை என்று, "நானூறு சார். ஞாயித்துக்கிழமை அறுநூறு" என்றேன்.

"சண்டேயும் சேல்ஸ் உண்டோ?"

"சண்டேதான் சார் கூட்டம். குடும்பத்தோட வருவாங்க."

"கேட்டோ எல்லாரும்? இதாணு உழைப்பு! எங்ஙனெ விபின்?"

எப்படி என்று கேட்டுவிட்டார், இதற்குத்தானே காத்திருந்தேன். "காட்டறேன் சார்" என்று எழுந்து உருண்டையை எடுத்துத் தட்டி விரித்து, யூசுப் இக்காவையும் மூக்கு உறிஞ்சுகிற உங்கள் தங்கையையும் மனதில் நினைத்துக்கொண்டு ஒரு வீசு வீசினேன். திரையில் மாவு அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குள் போய் மறைந்துவிட்டது மச்சான். என் கையும் மணிக்கட்டோடு காணாமல் போனது. நான் திரையைப் பார்த்துக் கையைத் தேடிய நேரத்தில், நிஜ மாவு லேப்டாப்பின் நெற்றியில் வந்து போர்வை மாதிரி படிந்தது. உள்ளேயிருந்து "ஆரா இது? ஆராடா இது?" என்று அலறல். வாசலில் தெருவே கை தட்டியது. ஸாதனா மாவை உரித்து எடுப்பதற்குள் ஒரு கட்டம்கூட இல்லை.

ஆகவே மச்சான், எனக்கு வெளிநாட்டு ஆசை இன்றோடு தீர்ந்தது. ஏஜெண்டிடம் சொல்லி பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள். யூசுப் இக்காவிடம் போன் போட்டு, சாகும்வரை உங்கள் கல்தான் என்று சத்தியமே செய்துவிட்டேன். பாண்டிச்செல்வி, "பாவம், ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் வைக்கிறாள், நடுநடுவே பாட்டு வேறு. அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாயிற்று. அதைப் பார்த்த பிறகு எனக்கும் துக்கம் பாதிதான் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், எருமைக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
இனி எங்கேயும் போகாத உங்கள் மாப்பிள்ளை,
தங்கதுரை.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் என் கையெழுத்தைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். கவரை ஒட்டும் நேரத்தில் விபின் மூச்சிரைக்க ஓடிவந்து, "சேட்டா, என் ஆபீஸ் மீட்டிங்கில என்னத்தைச் செய்து வச்சீங்க!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். பதினொரு மணிக்கு வந்தது அவன் கம்பெனி மீட்டிங் பட்டனாம், நான் பார்த்தது தோஹா இல்லையாம், எர்ணாகுளமாம். தோஹாவில் பதினொரு மணி என்றால் நமக்கு மத்தியானம் ஒன்றரையாம், ஸாதனா அப்போதுதான் கணக்குப் பார்த்தாள். சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் தங்கையிடம் சொல்லிவிட்டு விபின் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை திரையில் ஒரே ஒரு அம்மா வந்தார், தலச்சேரிக்காரர். மாவு வீசச் சொல்லவே இல்லை, "சேட்டன் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் பயணம். பாஸ்போர்ட்டை வாங்க வேண்டாம். பாண்டிச்செல்விக்கு இன்னும் தெரியாது. நீங்கள் அண்ணன், கடிதம் கிடைத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பக்குவமாகச் சொல்லுங்கள். நான் அந்த நேரத்தில் கடையில் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம்.