எர்ரர் யார் கணக்கில், ஊ ஸ்கோர்?

பர்மாவில் பேஸ்பாலுக்கென்றே தன் வாழ்நாளை எழுதிக் கொடுத்துவிட்ட ஒரே ஆசாமி எங்கள் பசுந்தாங் தெருவில்தான் இருக்கிறார். இத்தனைக்கும் அவர் பேஸ்பால் பந்தைக் கையால் தொட்டதில்லை. மட்டையைப் பிடித்ததில்லை. எந்த அணி ஜெயிக்கிறது, எது தோற்கிறது என்பதில் எள்ளளவும் அக்கறை கிடையாது. கீழே விழுந்த பந்து யார் கணக்கில் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

தெரு அவரை ஊ ஸ்கோர் என்று கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்கும் அவர் மனைவி ராணி அக்காவின் கோபத்துக்கும் மட்டும் பயன்பட்டது. வயதில் பெரியவர் பெயருக்கு முன்னால் ‘ஊ’ போடுவது பர்மிய மரியாதை. அதோடு நாங்கள் கொஞ்சம் கிண்டலையும் சேர்த்துக்கொண்டோம்.

இளவயதில் சரக்குக் கப்பலில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தவர். ஒருமுறை அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் எஞ்சின் படுத்துவிட்டது. கப்பல் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. மற்றவர்கள் ஊர் சுற்ற, இவர் மாலுமிகள் விடுதியில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆட்டத்தில் மைதானத்துக்கு மேலே ஓர் அறைக்குள் ஸ்கோரர் என்று ஒருவர் இருப்பாராம். பந்து நழுவினால், அது அடித்தவன் சாமர்த்தியமா, பிடிக்கத் தவறியவன் பிழையா, அதாவது ‘எர்ரரா’ என்று அவர் சொல்வதுதான் சட்டம். அந்த அறையைப் பார்த்ததும் தான் எதற்குப் பிறந்தோம் என்று நம்மவருக்கு விளங்கிவிட்டது. மற்றவர்கள் சென்ட் பாட்டிலோடு ஊர் திரும்பினார்கள். இவர் சட்டத்தோடு திரும்பினார்.

அந்தச் சட்டத்துக்கு எங்கள் தெரு வசமாக மாட்டியது. ஒடுங்கி உயர்ந்த கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. கீரைக்காரி கீரையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுப்பாள். மணி அடிக்கும். நாங்கள் மேலே தூக்கிக்கொள்வோம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். சிலது விழும்.

எதிரே டீக்கடை. அங்கே ஒரு குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் ஊ ஸ்கோர். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்குக் காலை. டீ கிளாஸில் போனைச் சாய்த்து வைத்துப் பார்ப்பார். கரண்டும் நெட்டும் மனது வைத்தால் அமெரிக்காவைப் பார்ப்பார், இல்லாவிட்டால் எங்களைப் பார்ப்பார். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பெரும்பாலும் எங்களைத்தான் பார்த்தார்.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சாவியை மேலேயிருந்து என் வீட்டுக்காரருக்கு வீசினேன். அது நேராகச் சாக்கடைக்குள் போனது. “பிடிக்கத் தெரியாதா?” என்று நான் மேலேயிருந்து கத்த, “வீசத் தெரியாதா?” என்று அவர் கீழேயிருந்து கத்த, டீக்கடையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“ரெண்டு பேரும் வாய மூடுங்க. தம்பி, நீ நின்ன எடத்துலேர்ந்து சாதாரண முயற்சியில பிடிச்சிருக்கலாமா?”

“பாய்ஞ்சிருந்தாக்கூட எட்டாது, ஊ ஸ்கோர்.”

“அப்ப வைல்ட் பிட்ச். எறிஞ்சவங்க கணக்கு. ஏம்மா, ஒம்பேர்ல எழுதியாச்சு.”

எழுதுவது என்றால் மனதுக்குள்தான். அந்த மனதில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் என் வீட்டுக்காரர் ‘வைல்ட் பிட்ச்’ என்று முணுமுணுத்துவிட்டுப் போவார்.

தாட்சணியம் என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை. கோயில் ஐயர் கைதவறித் தேங்காய் மூடியைப் போட்டபோது, தீபாராதனைக்கு நடுவிலேயே “எர்ரர், ஐயர்” என்றார். கல்யாண நாளில் ராணி அக்கா பாயசக் கிண்ணத்தைத் தவறவிட்டாள். அவள் கணக்கிலேயே ஏற்றினார். “இந்த மனுசனக் கட்டிக்கிட்டது யாரு எர்ரருன்னு கேட்டுச் சொல்லுங்க” என்று ராணி அக்கா தெருவையே கேட்டாள். அவர் சிறிது யோசித்து, அது தான் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவதற்கு முந்தைய ஆட்டம் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வருஷத்துக்கு ஒரு முறை, தண்ணீர்த் திருவிழாவின்போது விருது கொடுப்பார். கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றுக்கு வெள்ளித்தாள் சுற்றி, எறிவதில் கெட்டிக்காரர் யாரோ அவரைச் ‘சிறந்த பிட்சர்’ என்று அறிவிப்பார். அந்த விருது முதல் மாடிச் சரசுவைத் தவிர வேறு யாருக்கும் போனதில்லை. சரசு வீட்டிலேயே இட்லி போட்டு விற்பவள். புருஷன் மலேசியாவுக்குப் போனவன் போனவன்தான். இட்லிப் பொட்டலத்தைக் கயிற்றில் விடாமல், பால்கனியிலிருந்தே கீழே நிற்கும் சைக்கா ரிக்‌ஷாக்காரர்களின் கைக்குக் குறி பார்த்துப் போடுவாள். ஒன்று தவறாது.

“சரசு ஈ.ஆர்.ஏ.வப் பாருங்கய்யா!” என்று ஊ ஸ்கோர் பூரித்துப்போவார். ஈ.ஆர்.ஏ. என்பது பிட்சரின் ஜாதகம். கிரிக்கெட்டில் பௌலர் எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்க்கிறோமே, அது மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம். பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதால் வந்த ரன் பிட்சர் கணக்கில் ஏறாது. இதை அவர் எங்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். நாங்களும் அத்தனை தடவையும் கொட்டாவி விட்டிருக்கிறோம்.

அந்தச் சரசுவுக்குத்தான் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு இட்லி ஆர்டர் கிடைத்தது. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் வருஷம் முழுக்கக் கோயில் வேலை அவளுக்குத்தான் என்று பேச்சு. சரசுவின் கால் தரையில் பாவவில்லை.

கரண்டு அந்த வாரம் பார்த்துத்தானா சதி செய்ய வேண்டும்! பாதி மாவு அரைக்கும்போது போனது, வரவேயில்லை. இரவல் வாங்கிய ஜெனரேட்டர் இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அடிக்கிற வெயிலில் அரைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. அரைக்காத அரிசி ஊறி நாறியது. கோயிலில் அன்றைக்கு ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். சரசுவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“விடு சரசு, ஓம்மேல என்னா தப்பு?” என்றேன்.

“பாசத்துல சொல்றீங்க அக்கா. எங்கையி வெளங்காத கையி. கடைய மூடிட்டுத் தின்கன்ஜூன்ல அண்ணன் வீட்டோட போயிடுறேன்.”

அண்ணன் வீடு என்றால் அண்ணியின் அடுப்படி. அவள் அங்கே போனால் திரும்பி வரமாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சரசுவின் கயிறு மெல்லக் கீழே இறங்கியது. கிளிப்பில் வெள்ளித்தாள் சுற்றிய டின்.

“ஊ ஸ்கோர் அண்ணே, ஒங்க டின்னு. எடுத்துக்குங்க. நான் தோத்துட்டேன்.”

அதிசயமாக அன்றைக்குக் கரண்டு இருந்தது, ஆட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. ஊ ஸ்கோர் போனைக் குப்புறக் கவிழ்த்தார். அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“தோத்தது எனக்கும் தெரியும். எர்ரர் யாரு கணக்குன்னு நான் இன்னும் சொல்லலியே?”

“என் கணக்குதான். வேற யாரு கணக்கு?”

“அத நீ சொல்லக் கூடாது. ஆடுறவங்களே தீர்ப்பும் சொல்லிக்கிட்டா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்? சொல்லு. கரண்டு போச்சு. அப்புறம்?”

“ஜெனரேட்டர் வாங்குனேன். நின்னுபோச்சு.”

“அப்புறம்?”

சரசு கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் விடவில்லை. “அப்புறம் என்னாம்மா செஞ்ச?”

“அம்மியில அரைச்சுப் பாத்தேன்” என்றாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கோயிலுக்கான மாவை அந்தச் சின்ன அம்மியில் அரைத்திருக்கிறாள்!

ஊ ஸ்கோர் ஒரு டீ சொன்னார். அது ஆடை கட்டி ஆறும்வரை தொடவில்லை. பெற்ற தாயாக இருந்தாலும் எர்ரர் என்று சொல்லிவிடும் மனிதராயிற்றே! சரசுவும் அதனால்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாதவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

ஸ்டூலை விட்டு எழுந்தார்.

“தோல்வி தோல்விதான். கோயில்ல ரொட்டிதான் குடுத்தாங்க. அத நான் மாத்த முடியாது. ஆனா சட்டம் ஒண்ணு கேக்குது: சாதாரண முயற்சியில பிடிச்சிருக்கலாமா? அம்மியில அத்தன மாவு அரைக்கப் பாத்தவகிட்ட எவன்யா சாதாரண முயற்சியப் பத்திப் பேசுறது? பிட்ச் சரியாத்தான் போட்டிருக்கா. கோட்டை விட்டது கரண்டு. எர்ரர், கரண்டு! சரசு கணக்குல ஒண்ணும் ஏறாது. அவ ஈ.ஆர்.ஏ. அப்படியே இருக்கு.”

டின்னைத் திரும்பக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். மேலே மணி அடித்தது. சரசு கயிற்றைப் பார்த்தபடி நின்றாள். மறுபடி இழுத்தார். மறுபடி அடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் கயிற்றைத் தூக்க ஆரம்பித்ததும் சைக்காக்காரர்கள் போட்ட கூச்சலில் தெருநாய்கள் எழுந்து ஓடின.

அடுத்த நாள் சரசு வீட்டிலிருந்து இட்லி வாசனை வந்தது. முதல் பொட்டலம் ஊ ஸ்கோருக்குத்தான் என்றாள். பந்தையே தொடாத மனிதர், தானே பிடிப்பதாகச் சொல்லி இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார். அவள் பூப்போலப் போட்டாள். அது அவர் விரல்களில் பட்டுத் தரையில் விழுந்தது.

“எர்ரர்! என் கணக்கு!” என்று உடனே அறிவித்தார். “பச்சப்புள்ள பிடிக்கிற பந்து.”

“இல்லண்ணே” என்றாள் சரசு மேலேயிருந்து. “மொதல்ல கண்ணத் தொடைங்க. கண்ணு நெறயத் தண்ணிய வச்சுக்கிட்டு யாரால பிடிக்க முடியும்? ஒங்க கணக்கு இல்ல.”

அவர் ஏதோ சட்டம் பேச வாயெடுத்தார். ராணி அக்கா தோளைப் பிடித்து அழுத்தினாள். “இன்னிக்கு ஸ்கோரர் அவதான். சொன்னாச் சொன்னதுதான். உக்காந்து தின்னுங்க.” அவர் பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டி, தலை நிமிராமல் தின்றார்.

நாங்கள் இப்போது தின்கன்ஜூனுக்கு வந்துவிட்டோம். தரைவீடு, கயிறு வேண்டியதில்லை. போன வாரம் ஆசையாக வாங்கிய பீங்கான் தட்டைக் கைதவறிப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் பசுந்தாங்குக்கு போன் போட்டேன்.

“ஊ ஸ்கோர், தட்டு ஒடஞ்சுபோச்சு.”

அந்தப் பக்கம் டீக்கடைச் சத்தம், யார் வீட்டுக் கயிற்று மணியோ அடிக்கிற சத்தம். பிறகு அந்தக் குரல்:

“ஒன் பழைய ரெக்கார்டு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கணும்ல. கையி ஈரமா இருந்துச்சாம்மா?”

தீர்ப்பு என்னவாக இருந்தால் என்ன, என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாரே என்று அடுப்படியில் நின்று அழுதேன்.