தலை எந்தப் பக்கம்?

"எழுந்திருக்காதீங்கண்ணே! நீங்க இன்னும் பிணம்தான்," என்றான் லெக்.

சவப்பெட்டிக்குள் படுத்திருந்த கோக் சூன், முகத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தார். மந்திரம் நின்றுபோயிருந்தது. பிக்குவின் நாற்காலி காலி.

"சாமி எங்க?"

"அரிசி மில் முதலாளியோட அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. கார் அனுப்பி அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"நான் பாதியில கிடக்கேனேப்பா!"

"நிஜமா செத்தவங்களுக்குத்தான் முதல் இடம். கோச்சுக்கக் கூடாது."

தாய்லாந்தில், ஹாட் யாய்க்கு வெளியே இருந்த அந்தக் கோயிலில் சவப்பெட்டிச் சடங்குக்கு லெக்தான் பொறுப்பு. மண்டபத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை நடந்ததால், வேலையாட்கள் புத்தரையும் பெட்டியையும் முந்தின நாள் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். பெட்டிக்கு இளஞ்சிவப்பு வர்ணம், ஓரமெல்லாம் தங்கக் காகிதப் பூ. ஐஸ்கிரீம் வண்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோக் சூனின் தலைக்குப் பின்னாலிருந்து வந்த காலை வெயில் அவர் கால்விரல்களைச் சுட்டது.

"சாமி எப்ப வருவாரு?"

"எரிச்சு முடிச்சாத்தான். சாயங்காலம் ஆயிடும். முதல்ல தலை மேற்க. பழைய ஆள் செத்தாச்சு. அப்புறம் தலை கிழக்க. புது ஆள் பொறக்கணும். ரெண்டுக்கும் ஒரே மந்திரம்தான், தலை வைக்கிற திசைதான் முக்கியம். உங்களுக்கு முதல் பாதி நல்லபடியா முடிஞ்சுது."

அவருக்கு முன்னால் அதே பெட்டியில் படுத்து எழுந்த அத்தனை பேரும் வெளியே புதுசாய் நின்று முந்திரிப் பருப்பு தின்றுகொண்டிருந்தார்கள். பினாங்கிலிருந்து ஒரு வேன் நிறையக் கூட்டி வந்தவள் ஸ்வீ நியோ, கோக் சூனின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் தலையை உள்ளே நீட்டினாள்.

"என்னடா ஆ சூன், இன்னும் பொறக்கலியா?"

"பாதியில விட்டுட்டுப் போயிட்டாருக்கா."

ஸ்வீ நியோ ஓரடி பின்வாங்கினாள். "அப்படின்னா என்கிட்ட வராத. நான் இப்பத்தான் பொறந்திருக்கேன்."

கோக் சூன் எல்லை தாண்டி வந்தது ஊர் பார்க்க அல்ல, சாகத்தான். மனைவி பீ ஹோங் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிய இரவில் அவர் தொழிற்சாலையில் நைட் ஷிப்டில் இருந்தார். போனை லாக்கரில் வைத்துப் பூட்டினால்தான் உள்ளே விடுவார்கள். மகள் சூ யின் இரவெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். விடிந்து லாக்கரைத் திறந்தபோது போனில் அவள் பெயர் மட்டும் வரிசையாக நின்றது. அடக்கம் முடிந்த கையோடு மகள் சொன்னாள்: "இனிமே நான் கூப்பிட மாட்டேன். நீங்க எடுக்கவும் வேணாம்."

வேலையை விட்டார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதே வேலையாகிவிட்டது. சோறு வாய்க்குள் போய் மண்ணானது. சூ யின் இப்போது நிறைமாத கர்ப்பிணி. அதுகூட ஸ்வீ நியோ சந்தையில் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

"பேரப்புள்ள மூஞ்சியைப் பாக்கணும்னா முதல்ல உன் மூஞ்சியைத் தொலைச்சிட்டு வா," என்று அவரை வேனில் ஏற்றியவளும் அவள்தான். போனை எடுக்காத அந்த ஆளை எங்கேயாவது புதைத்துவிட்டு, வேறு ஆளாய் மகள் வாசலில் போய் நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாப்பிட ஊருக்குள் போகலாம் என்றார்கள். வேன் ஓட்டி மானோப் கதவை மறித்து நின்றான். எல்லையோரத்துக்காரன், பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் அவனுக்குத் தண்ணீர் பட்டபாடு.

"இது டூரிஸ்ட் வண்டி. பிண வண்டி இல்ல. அதுக்கு லைசென்ஸ் வேற."

"அவன் நடக்கறான், பேசறான், பாரேன்!" என்றாள் ஸ்வீ நியோ.

"அதுதான்கா எனக்குப் பயமா இருக்கு."

கடைசியில் ஒரு ஏற்பாடு நடந்தது. கோக் சூன் பின்சீட்டில் தனியாக உட்கார வேண்டும். பிணத்தைக் கொண்டுபோகும்போது, ஆவி வழி தப்பாமலிருக்கச் சொல்வதை எல்லாம் சொல்லியாக வேண்டும்.

"ஆ சூன், பாலம் வருது! கூடவே வா!" என்று ஸ்வீ நியோ முன்சீட்டிலிருந்து கத்தினாள்.

"வண்டியிலதான்கா இருக்கேன்."

"பதில் சொல்லாத! பதில் சொன்னா நாங்கதான் பயப்படணும். ஆ சூன், இடது பக்கம் திரும்புறோம்! கூடவே வா!"

சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரன் எட்டிப் பார்த்தான். கோக் சூன் அவனுக்குக் கையசைத்தார். அவன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்தான். கோக் சூனுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதமாய் வராதது. முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிரிக்குது," என்றாள் ஒருத்தி.

பன்றிக்கால் சோற்றுக் கடையில் மற்றவர்கள் ஒரு மேஜைக்கும் கோக் சூன் இன்னொரு மேஜைக்கும் போனார்கள். அவர் தட்டு வந்ததும் ஸ்வீ நியோ கைப்பையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்தாள். பற்றவைத்து அவர் சோற்றின் நடுவே குத்தினாள்.

"இது என்னக்கா?"

"செத்தவங்க இது இல்லாம சாப்பிட முடியாதுடா. உனக்காகத்தான்."

கல்லாவிலிருந்து கடைக்காரி கரண்டியோடு வந்தாள். "மதிய வியாபாரத்துல சோத்துல பத்தி குத்துறீங்களா? யாரு செத்தது?"

வேன் மொத்தமும் கோக் சூனைக் கை காட்டியது.

கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செத்தவங்களுக்கு உள்ள இடமில்ல. பின்னால போ."

பின்னால் சாக்கடை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டாள். கோக் சூன் பத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாப்பிட்டார். கொழுப்பு நாக்கில் கரைந்தது. மிளகாய்ப் புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது. எதிரே ஒரு பூனை உட்கார்ந்து முறைத்தது. "உனக்குக் கிடையாது," என்றார் அதனிடம். தட்டை வழித்து, இன்னொரு தட்டும் கேட்டார். பிணத்துக்கு இவ்வளவு பசியா என்று அவருக்கே கேவலமாக இருந்தது.

இரண்டாவது தட்டு பாதியில் இருக்கும்போது போன் அடித்தது.

சூ யின்.

அவருக்கு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுக்கப் போனார். எங்கிருந்தோ ஸ்வீ நியோ பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒட்டுமோ என்ற பயத்தைக்கூட மறந்துவிட்டாள்.

"எடுக்காதடா!"

"என் பொண்ணுக்கா! அவளே கூப்பிடுறா!"

"அவ வயித்துல புள்ளையோட இருக்கா. மாசமா இருக்கறவ சாவு வீட்டுப் பக்கமே போகக் கூடாதும்பாங்க. பிணம் நீயே நேரா அவ காதுல பேசப் போறியா? அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்காவது லாக்கரின் இரும்புக் கதவு நடுவில் இருந்தது. இன்றைக்கு எதுவும் இல்லை. உள்ளங்கையில் துடிக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறார். நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது.

பூனை அவர் தட்டில் வாய் வைத்தது. அவர் விரட்டவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் என்னால முடியாதுக்கா," என்றார். "ஏதாவது பண்ணு."

"வழி இருக்கு," என்றாள் ஸ்வீ நியோ. "என் சடங்கப்போ மந்திரத்தைப் போன்ல பதிவு பண்ணியிருக்கேன். மந்திரம் ஒண்ணுதானே? நீ தலையைக் கிழக்க வச்சுப் படு. நான் போட்டு விடறேன்."

கிழக்கு எது என்பதில் பிரச்சினை வந்தது. உச்சி வெயில். சூரியன் மண்டைக்கு நேர் மேலே நின்றான். கடல் இருப்பது கிழக்கே, கடலைப் பார்த்து ஓட்டுகிறேன் என்றான் மானோப். கோக் சூன் சீட்டுகளுக்கு நடுவே, தலை முன்பக்கமாக, வேனின் தரையில் நீட்டிப் படுத்தார். யாரோ கடையில் வாங்கிய புதுத் துண்டை அவர் மேல் போர்த்தினார்கள். விலைச் சீட்டு மூக்கில் உரசியது. மந்திரம் ஆரம்பித்தது.

"நேரா போடா, நேரா போ! முடியும்போது தலை எங்க இருக்கோ அதுதான்!"

"நேராத்தான்கா போறேன். ஆனா ரோடு முடியுது."

"எப்படிடா முடியும்?"

"பாலம் கட்டறாங்க. யு-டர்ன் போட்டிருக்கு."

"திரும்பாத!"

"திரும்பலைன்னா எல்லாருக்கும் சடங்கு பண்ணணும்."

வேன் திரும்பியது. துண்டுக்குள் கோக் சூன் ஒருபக்கமாய்ச் சரிந்தார். வண்டி நேரானதும் மந்திரம் முடிந்தது.



"இப்ப தலை மேற்கயா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"ஆமாடா," என்றாள் ஸ்வீ நியோ தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரெண்டு தடவை செத்துட்ட."

கோக் சூன் துண்டை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "என்னைக் கொல்றதுக்கு மட்டும் எல்லாருக்கும் தெரியுது! பொறக்க வைக்க ஒரு நாய்க்கும் தெரியலியா?" கண்ணாடி அதிரக் கத்தினார். பீ ஹோங்கின் அடக்கத்தில்கூட அவர் குரல் இவ்வளவு உயர்ந்ததில்லை. கத்தி முடித்துவிட்டு ஓவென்று அழுதார். அடக்கத்தில் அதுவும் வந்ததில்லை. முன்னால் இருந்தவர்கள் முந்திரிப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் மூடினார்கள். மானோப் கோயிலுக்கு வண்டியை விட்டான். மீதி வழியெல்லாம் யாரும் எந்தப் பாலத்தையும் அறிவிக்கவில்லை.

பிக்கு அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த கிழவர், சுடுகாட்டுப் புகை இன்னும் காவித்துணியில் இருந்தது.

"எங்க விட்டோம்?" என்றார் லெக்கிடம்.

"கொன்னாச்சு சாமி. பொறக்கறது பாக்கி."

"வண்டியில இன்னொரு தடவை செத்துட்டேன் சாமி," என்றார் கோக் சூன். "அதையும் சேர்த்துப் பாத்துக்குங்க."

பிக்கு சிரிக்கவில்லை. "வண்டியில செத்தது சேராது. படு."

"தலையை மாத்துங்கண்ணே," என்றான் லெக். "காலையில புத்தர் பக்கம் தலை. இப்ப புத்தர் பக்கம் கால்." புத்தருக்கு நேரே கால் நீட்டினால் பாவம் என்பதால், நடுவில் ஒரு மூங்கில் தட்டியையும் கொண்டுவந்து நிறுத்தினான்.

கோக் சூன் படுத்தார். லெக் கொடுத்த தாமரை மொட்டுகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் துணி முகத்தின் மேல் வந்தது. தலைக்குப் பின்னாலிருந்து வந்த மாலை வெயில், காலையில் சுட்ட அதே விரல்களைச் சுட்டது. போனை எடுக்காதவனே, ஒழிந்து போ, என்று சொல்லிக்கொண்டார். இந்தத் தடவை மந்திரம் நடுவில் நிற்கவில்லை. பிக்கு ஒரு சொல்கூட விடாமல் முடித்தார். துணி விலகியது. முகத்தில் தண்ணீர் விழுந்தது.

"பொறந்துட்டான்!" என்று வேன் மொத்தமும் கை தட்டியது. மானோப் முதல் ஆளாக வந்து அவர் தோளைத் தொட்டான். ஒருத்தி முந்திரிப் பொட்டலத்தை நீட்டினாள். வேண்டாம் என்றார். பசி எங்கோ போய்விட்டது.

பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே போனை எடுத்தார்.

"போடுடா, போடு," என்றாள் ஸ்வீ நியோ. "இனிமே ஒரு பயமும் இல்ல. வலி கிலி எடுத்திடுச்சோ என்னவோ. அதான் அப்பனைத் தேடியிருக்கா."

போட்டார். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.

ஸ்வீ நியோ அவரைத் தனியாகப் பேசவிட்டுக் கொட்டகை வாசலுக்குப் போனாள். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. நெற்றியில் கையை வைத்து மறைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய் லெக், மேற்கு எந்தப் பக்கம்?"

"புத்தர் பக்கம்க்கா. அவரு எப்பவும் கிழக்கப் பாத்துத்தானே உக்காருவாரு? அவரு முதுகுக்குப் பின்னால மேற்கு."

"அப்போ சூரியன் ஏன் இந்தப் பக்கம் இறங்குது?"

லெக் சூரியனைப் பார்த்தான். புத்தரைப் பார்த்தான். மறுபடி சூரியனைப் பார்த்தான்.

"நேத்து டைல்ஸ்காரனுங்கதான் தூக்கிட்டு வந்து வச்சானுங்க," என்றான். "நான் பாக்கலை."

"அப்படின்னா முதல் தடவை எங்க எல்லார் தலையும் கிழக்க இருந்திருக்கு. ரெண்டாவது தடவை மேற்க."

"ஆமாக்கா. முதல்ல பொறப்பு. அப்புறம்தான் சாவு."

பிக்கு கண்ணை மூடிக்கொண்டார். மானோப், கோக் சூனின் தோளிலிருந்து கையை மெல்ல எடுத்தான்.

போனில் மணி நின்றது. "ஹலோ?" என்றது ஒரு குரல். "அப்பா? அப்பா, நீங்கதானா?"

ஸ்வீ நியோ தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். வேன்காரர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். கடைசியாகப் பெட்டிக்குள் காதில் போனோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"டேய் ஆ சூன், பகல் பூரா அந்த வண்டியில உசுரோட இருந்தது நீ ஒருத்தன் மட்டும்தான்டா!"