நலம் விசாரித்த அணில்

ஒரு காட்டில் வங்கி கிடையாது, மேனேஜர் கிடையாது, மதிய உணவு இடைவேளை கிடையாது. அதில் அந்தக் காட்டுக்குத் தாங்க முடியாத பெருமை. எல்லாருடைய கடலையும் ஒரே ஆலமரப் பொந்தில் கிடந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் வெளியே எடுத்தார்கள் என்பதை மரங்கொத்திகள் கற்பலகையில் கொத்தும். யார் வேண்டுமானாலும் கொத்தலாம் என்பதிலும் காட்டுக்குப் பெருமைதான். கொத்தியதை அழிக்க முடியாது. ஒரு பலகைக்குப் பத்து வரிதான்.

பூரணி என்ற அணிலுக்கு அங்கே முப்பது கடலை இருந்தது. அக்கரையில் அவள் தங்கை வடிவு நான்கு குட்டிகளைப் பெற்றுவிட்டுப் பட்டினி கிடந்தாள். பூரணி மரங்கொத்தியிடம் ஓடினாள்.

"தங்கச்சிக்குப் பத்து கடலை அனுப்பணும்ண்ணே. கூலி எவ்வளவு?"

"நேத்து ஒண்ணு. இன்னைக்கு எட்டு."

"ஏண்ணே இப்படி ஏறிப்போச்சு?"

"குரங்குங்க ஒண்ணோட வால் படத்தை இன்னொண்ணு வாங்குதுங்க. ஒரே கூட்டம். யார் கூடத் தர்றாங்களோ அவங்க வரிதான் முதல்ல."

"யானை ஆயிரம் கடலை அனுப்புது. அதுக்கும் எட்டுதானா?"

"கல்லுல பிடிக்கிற இடத்துக்குத்தாம்மா கூலி. ஆயிரமும் ஒரு வரி, பத்தும் ஒரு வரி."

பூரணி எட்டைக் கொடுத்தாள். ஆனால் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவள். நலம் விசாரிக்காமல் எப்படி அனுப்புவது? "அன்புள்ள தங்கை வடிவுக்கு, நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்தாள். 'ஆவல்' வந்ததும் மரங்கொத்தி நிறுத்திவிட்டது.

"வரி முடிஞ்சுபோச்சு."

"கடலை போகவே இல்லையே?"

"போகாது. கூலியும் திரும்ப வராது. கொத்தினது கொத்தினதுதானே."

பூரணிக்கு அழுகை வந்தது. இன்னொரு எட்டைக் கொடுத்து, இந்த முறை பாசமே இல்லாமல் அனுப்பினாள். பத்தும் வடிவு பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. வடிவு குட்டிகளைச் சுமந்து ஆற்றைக் கடந்து வந்து, பொந்தில் கை வைத்தாள்.

"எடுக்கிறதுக்கும் ஒரு வரி கொத்தணும்மா" என்றது மரங்கொத்தி. "இப்ப பன்னிரண்டு."

வடிவிடம் இருந்தது பத்து. பூரணியிடம் மிச்சம் நான்கு. அதை வடிவுக்கு மாற்றவும் பன்னிரண்டு வேண்டும். குட்டிகள் கத்தின.

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலியான ஒரு பலகையை இழுத்துப்போட்டு, பல்லால் கொறித்து எழுத ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் கொத்தலாம் என்பதுதானே அந்தக் காட்டின் பெருமை. முதல் வரி, தங்கை தன் பத்து கடலையையும் கூலியில்லாமல் வெளியே எடுக்க. மீதி ஒன்பது வரிக்கும் கூலி வாங்கினாள். குட்டிகள் வயிறு நிறைந்து தூங்கின.

அப்போது ஒரு முயல் வந்தது. "அக்கா, எங்கம்மாவுக்கு உடம்பு முடியல. நாலு கடலை அனுப்பணும்."

பூரணி வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"இருபது ஆகும்" என்றாள்.

நீதி: பிறர் பசிக்கு இரங்குவதற்கு முன் பல்லைக் கூர்தீட்டிக்கொள். அதன் பிறகு இரங்க வேண்டியிருக்காது.