பத்தொன்பதாவது படம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் டேபிள் ஃபேனை நாற்காலிமேல் ஏற்றி, முழு வேகத்தில் சுழலவிட்டு, ஒரு சாண் தூரத்தில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். பதினைந்து நொடி கண்ணை மூடக் கூடாது. எட்டாவது நொடியிலேயே தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது.

"அழறீங்களா என்ன?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

"பிராக்டிஸ் பண்றேன். ஞாயித்துக்கிழமை போட்டோவுல கண்ணைத் திறந்துட்டு இருக்கப்போறேன். இல்லேன்னா என் பேரை மாத்தி வெச்சுக்கோ."

மடித்த சட்டையையே உதறி மறுபடியும் மடித்தாள் அவள். "இத்தனை வருஷம் இருந்த மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமே."

"இருந்து இருந்துதான் மானம் போச்சு."

மாஸ்டரின் மானம் போன கதை ஹால் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போவது அந்த வீட்டு வழக்கம். அங்கே 'இடிமுழக்கம்' என்று ஒரு ரோலர் கோஸ்டர். உச்சியிலிருந்து வண்டி தலைகுப்புற விழும் இடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. இறங்கி வந்தால் கவுன்டரில் படத்தை வாங்கிக்கொள்ளலாம்.

சுவரில் பதினெட்டுப் படங்கள். மழையில் நனைந்துகொண்டே ஏறிய வருஷம். மனைவியின் ஹேர் கிளிப் பறந்துபோய், முடியெல்லாம் வானத்தைப் பார்த்து நின்ற வருஷம். மகள் ஒருவழியாக உயரக் கோட்டைத் தொட்டு, பின் சீட்டில் இரண்டு பல் இல்லாமல் சிரித்த வருஷம். அவள் வயிற்றில் இருந்த வருஷம் மட்டும் படம் கிடையாது. அன்று இருவரும் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, ஊரார் அலறுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் பாப்கார்னைப் பங்கு போட்டுத் தின்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் மாஸ்டருக்கு மனசு குளிரும்.

இத்தனை வருஷத்தில் அவருக்குத் தொப்பை வந்தது, முடி போனது. மாறாதது ஒன்றே ஒன்று, இறுக்கி மூடிய கண். அந்தப் படங்களில் அதைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததே இல்லை.

வேறு தொழிலாக இருந்தால் பரவாயில்லை. அவருடைய முதல் பாடமே, "ரோட்டுல கண்ணை மூடினா கதை முடிஞ்சுது" என்பதுதான். போன வாரம் அவரிடம் கார் பழகும் ஒரு பேங்க் அம்மா விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தவர், பதினெட்டுப் படத்தையும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் வளைவில் அவர் தடுமாற, "கண்ணைத் திறந்து ஓட்டுங்கம்மா!" என்று மாஸ்டர் கத்தினார்.

"நீங்க முதல்ல திறங்க மாஸ்டர்" என்றார் பேங்க் அம்மா, மிகவும் மரியாதையாக.

அன்று மாலையே செய்தி வந்தது. இடிமுழக்கம் பழசாகிவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமையோடு பிரித்து எடுத்துவிடுவார்களாம். இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. பத்தொன்பதாவது படத்தில் கண்ணைத் திறந்தே தீருவது என்று மாஸ்டர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

ஃபேன் காற்றில் கண் தக்காளியாகச் சிவந்தது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். சிவப்பு போனது, கூடவே பார்வையும் கொஞ்சம் மங்கிப்போனது. மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் காரில் தன் சாவியைப் போட்டுப் பத்து நிமிஷம் மல்லுக்கட்டினார்.

"சார், அது என் வண்டி" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"தெரியும். பூட்டு சரியா இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் நடையைக் கட்டினார்.

மகள் யோசனை சொன்னாள். "கண்ணுல கோளாறு இல்லப்பா, பயம்தான். நான் திடீர் திடீர்னு மூஞ்சில தண்ணி தெளிக்கிறேன். பழகிட்டா கண்ணு தானா மூடாது."

இரண்டு நாள் தெளித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் நிலைமை முற்றிவிட்டது. யாராவது டம்ளரைத் தூக்கினாலே மாஸ்டருக்குக் கண் மூடிக்கொண்டது. காரில் பேங்க் அம்மா தெரியாமல் வைப்பரைத் தட்ட, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சிய மாத்திரத்தில் மாஸ்டர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, "பிரேக்! பிரேக்!" என்று அலறினார்.

"நடு ரோட்டுல எதுக்கு மாஸ்டர்?"

சனிக்கிழமை பிளாஸ்திரியைக் கையில் எடுத்தார். இமையை மேலே இழுத்து நெற்றியோடு ஒட்டினால் மூடுவது எப்படி? நிஜமாகவே மூடவில்லை. ஆனால் பிரித்தபோது இடது புருவத்தில் பாதி கையோடு வந்தது.

"அசையாதீங்க" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு, மனைவி பென்சிலால் புருவத்தை வரைந்துவிட்டாள். "ஏங்க, மூடினாத்தான் என்ன? எனக்கு அந்தப் படமெல்லாம் பிடிச்சுத்தான் இருக்கு."

"ஊர் சிரிக்குது, உனக்குப் பிடிச்சிருக்கா?"

அவள் பென்சிலை மூடி டிராயரில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இடிமுழக்கத்தை வழியனுப்ப ஊரே வந்திருந்தது. மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஏறியதும் மாஸ்டர் பையிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்தார்.

"அதைக் கழட்டிடுங்க சார். பறந்துபோய் பின்னாடி இருக்கறவங்க மேல விழும்" என்றார் வண்டி ஓட்டுபவர்.

பறிகொடுத்தாயிற்று. இனி மன உறுதி ஒன்றுதான் கையிருப்பு. வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறியது. பக்கத்து சீட்டிலிருந்து மனைவி கையை நீட்டினாள்.

"கையைக் குடுங்க."

"விடு, விடு! எனக்குப் பிடிமானம் வேணும்." மாஸ்டர் இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியை இரும்புப் பிடியாகப் பிடித்தார். பல்லைக் கடித்தார். நீட்டிய கையை அவள் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

வண்டி விழுந்தது. வயிறு தொண்டைக்கு வந்தது. கண் மட்டும் மூடவில்லை! வானம், தண்டவாளம், எதிரே மின்னிய கேமரா எல்லாவற்றையும் மாஸ்டர் கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்தார்.

இறங்கியதும் வழக்கம்போல் அவர் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வழக்கம்போல் மனைவி, "நீங்க உக்காந்து மூச்சு வாங்குங்க, நான் போய்ப் படம் வாங்கிட்டு வர்றேன்" என்று கிளம்பினாள்.

"இன்னிக்கு நீ உக்காரு. நான் போறேன்."

"உங்களுக்குக் கால் நடுங்குதுங்க."

"நடுங்கட்டும்!"

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கமும் சாயாமல் அப்பா நடந்துபோவதை அதிசயமாகப் பார்த்தாள். கடைசி ரவுண்டு இன்னும் பத்து நிமிஷத்தில் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

போட்டோ கவுன்டர் பெண் அவரைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்க சார். நேர்ல இப்பத்தான் பாக்கறேன். உங்க முகத்தைத்தான் வருஷா வருஷம் திரையில பாக்கறேனே. அக்கா வரலையா?"

"இன்னிக்கு நானே வந்துட்டேன். என் படத்தைக் காட்டும்மா."

திரையில் அடுத்தடுத்து நான்கு படங்கள் வந்தன. நான்கா? ஒன்றுதான் எடுப்பார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். நான்கிலும் மாஸ்டரின் கண்கள் அகலத் திறந்திருந்தன. முறைத்துக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம்.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கவுன்டரைத் தட்டினார். "இதுல எது நல்லாயிருக்கோ அதைப் பெருசா ஒண்ணு போடும்மா!"

அந்தப் பெண் நான்கு படத்தையும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"அடடா, கண்ணு திறந்த மூணு படம் எல்லா வருஷமும்தான் இருக்கும் சார், அக்கா அதை எல்லாம் விட்டுட்டு, நீங்க பயத்துல கண்ணை மூடி அவங்க கையைப் பிடிச்சிருக்கற அந்த ஒரு படத்தைத்தானே கேட்டு வாங்கிட்டுப் போவாங்க, கடைசி ரவுண்டுல ரெண்டு சீட் சொல்லி வெக்கிறேன், ஓடிப்போய்க் கண்ணை மூடிட்டு வாங்க!"